திறக்கக் கூடாத கௌபாய் புத்தகம்

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது.

என் கணவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய கௌபாய் காமிக்ஸ் சேர்ப்பார். அதிலும் அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை ஒட்டி வெளிவந்தவைதான் வேண்டும். அட்டையில் தொடரின் நடிகர் துப்பாக்கியோடு நிற்கும் வண்ணப் புகைப்படம், உள்ளே அதே நாயகன் சித்திரக் கதையில். கப்பலில் இங்கே வந்த பிரதிகளில் இங்கத்தைச் சில்லறைக் காசான பென்ஸில் விலையை முத்திரையாகக் குத்தினார்களாம். அந்த மையின் நிறத்தைப் பற்றியே மனுஷன் அரை மணி நேரம் பேசுவார். எங்கள் அறையில் என் சேலைகளுக்கு இடமில்லை, இவருடைய பெட்டிகளுக்கு உண்டு. யாரும் தொடக் கூடாது. கூடவே இருக்கும் அவருடைய அப்பாகூடத் தொடக் கூடாது. கையில் ஈரம் இருக்குமாம்!

இத்தனைக்கும் இந்தப் பைத்தியத்தின் வேரே அந்த அப்பா, என் மாமாதான். அவர் யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்த காலத்தில் அந்தக் காமிக்ஸ் கைமாறிக் கைமாறி வருமாம். இலங்கையில் அப்போது தொலைக்காட்சியே கிடையாது. தொடரைக் கண்ணால் காணாமலேயே அதன் நாயகர்கள்மேல் உயிரை விட்ட கூட்டம் அது. ஒரு புத்தகத்தைப் பாதி வாசித்துக்கொண்டிருந்தபோது விடுதிப் பொறுப்பாளர் பறித்து அடுப்பில் போட்டுவிட்டார். கதையில் குதிரைகளைத் திருடியது யார் என்று மாமாவுக்குத் தெரியாமலே போய்விட்டது. "அந்த ஊர்ப் பொலிஸ் ஷெரீப்பின்ரை மச்சான்தான், எனக்குத் தெரியும்" என்று எங்கள் கல்யாண வீட்டில்கூடச் சொன்னவர்.

அந்த மாமாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. மிச்சமிருக்கும் பார்வையும் சில மாதங்களுக்குத்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பூதக்கண்ணாடியை வைத்து எழுத்து எழுத்தாக வாசிப்பார். அன்றைக்கு அவருடைய பிறந்தநாள். என் கணவர் ஒரு காமிக்ஸ் சந்தையில் அதே புத்தகத்தைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது. மாமா பொதியைப் பிரித்தார்.

புத்தகம் இருந்தது. அதைச் சுற்றி நகம் நுழைய இடமில்லாமல் ஒட்டிய கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி. மேலே பரீட்சைத் தாள் மாதிரி ஒரு மார்க் வேறு. அரிய பிரதிகளைத் தரம் பார்த்து இப்படித்தான் அடைத்து வைப்பார்களாம்; மாடியில் இவர் சேர்த்து வைத்தவையும் இப்படித்தான் இருந்தன.

"எப்பிடித் தம்பி திறக்கிறது?" என்று மாமா கேட்டார்.

"ஐயோ அப்பா, திறக்கக் கூடாது! திறந்தால் அந்த மார்க் செல்லாது. அட்டையைப் பாருங்கோ, எவ்வளவு புதுசு!"

மாமா பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் பட்ட லைட் வெளிச்சம்தான் தெரிந்திருக்கும். "ஓம், நல்ல வடிவு" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். மகன் மனம் நோகக் கூடாதாம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரைக் குசினி அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உங்களுக்கு விசரே? கண் தெரியாமல் போற மனுசனுக்கு அட்டையைக் காட்டவோ வாங்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"உமக்கு உதின்ரை அருமை தெரியாது. இப்பிடி ஒண்டு இனிக் கிடைக்காது."

"உங்கடை அப்பான்ரை கண் மட்டும் கிடைக்குமோ?"

ஹீத்ரோ விமான நிலையத்தில் ஷிப்ட் என்று கிளம்பிவிட்டார். கதவு சாத்தியதுதான் தாமதம், மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். மாமா பதறிப்போனார்.

"வேண்டாம் பிள்ளை, அவன் ஆசையா வாங்கினவன்."

"நீங்கள் பேசாமல் இருங்கோ மாமா" என்று சொல்லி ஓரத்தில் நெம்பினேன். படார் என்று பிளந்தது. எனக்குக் கொஞ்சமும் கை கூசவில்லை.

இவர் வேலை முடிந்து வந்தபோது பிளாஸ்டிக் துண்டுகள் அப்படியே தரையில் கிடந்தன. வேண்டுமென்றுதான் கூட்டாமல் விட்டிருந்தேன். மாமா அப்போதுதான் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். இவருக்கு முகம் வெளிறிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"தம்பி, குதிரைக் கள்ளன் மச்சான் இல்லையடா! சாராயக் கடைக்காரன்! இவ்வளவு காலமும் ஒரு அப்பாவியிலை பழியைப் போட்டிட்டன்."

"எந்தச் சாராயக் கடைக்காரன்? நான் உதுகள் ஒண்டையும் வாசிக்கேல்லையே" என்று கேட்டார் என் கணவர்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் இந்த மனுஷன் அதில் ஒரு கதையைக்கூட வாசித்ததில்லை! மாமா தள்ளி இருந்து இடம் கொடுத்தார். இவர் யூனிபார்மைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் பக்கத்திலிருந்து திரும்பவும் தொடங்கினார்கள்.

இப்போது மாமாவுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். பின்னேரங்களில் இவர்தான் படத்தை விவரித்து விவரித்து வாசித்துக் காட்டுகிறார். மற்றப் பிளாஸ்டிக் பெட்டிகளையும் அவரே பிளக்கிறார். பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மாமா தன் கண்ணாலேயே வாசித்திருக்கக்கூடிய அத்தனை கதைகளும், அவருக்குப் பார்வை இருந்த காலமெல்லாம், இதே வீட்டு மாடியில் மூடிக் கிடந்தனவே என்று நினைத்தால் என் மனம் இன்றைக்கும் ஆறுவதில்லை.