சட்டைப்பையில் கிடைத்த சொற்கள்

எங்கள் சலவை நிலையத்தில் எல்லோரும் அவளை சிஐடி என்றுதான் கூப்பிடுவோம். வருகிற துணிகளை இயந்திரத்தில் போடுவதற்கு முன் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுத் துழாவுவது அவள் வேலை. பதினோரு வருடமாகத் துழாவுகிறாள். சாவி, சீப்பு, பாதி கடித்த மாத்திரை, ஒருமுறை பல்செட். உயிருள்ள தவளை கிடைத்ததாகவும் சொல்வாள். அதை நான் நம்பவில்லை. கணவர் பஸ் ஓட்டுகிறார், பிள்ளைகள் இல்லை, மூன்றாம் மாடியில் வீடு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், ஆனால் கவிதை எழுதுவாள்.

அதற்கு அவள் வைத்திருக்கும் சட்டம் விசித்திரமானது. அந்த வாரம் பைகளில் கிடைத்த துண்டுச்சீட்டுகளில் உள்ள சொற்களை மட்டும்தான் கோக்க வேண்டும். சொந்தமாக ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது. ஏன் இந்த வம்பு என்று கேட்டால், யாரோ தன் வேலைக்காகக் கிறுக்கியதில் பாசாங்கு இருக்காது என்பாள். எழுதி முடித்ததும் முதலில் எனக்குத்தான் வாசிப்பாள். நான் இஸ்திரி போட்டபடியே கேட்டுவிட்டு, பரவாயில்லை என்பேன். அதற்கு மேல் புகழ்ந்தால் தலைக்கு ஏறிவிடும்.

போன திங்கட்கிழமை, நூலகத்தில் நட்பைப் பற்றிக் கவிதை கேட்கிறார்கள், சனிக்கிழமைக்குள் கொடுக்கப்போகிறேன் என்றாள். நட்பு என்றால் வேறு யார்? என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? மதியம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் சாப்பாட்டு அறையில் என் நாற்காலியில், முன்வாசல் கவுண்டரில் துணி வாங்கி ரசீது போடும் பெண் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஓயாமல் இருமிக்கொண்டே அக்கா அக்கா என்று ஒட்டிக்கொள்கிறவள். சிஐடி தன் சீட்டுகளையெல்லாம் அவள் முன்னால் பரப்பி வைத்திருந்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எரிந்தது எரிந்ததுதான். அன்று ஒரு வெள்ளைச் சட்டையின் காலரையும் தீய்த்துவிட்டேன்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போனேன். இடது கையால் கோணல்மாணலாக எழுதிய சீட்டுகளை அழுக்குத் துணிக் குவியலில் அகப்பட்ட பைகளில் செருகினேன். இஸ்திரி. நீராவி. முதுகுவலி. பதினோரு வருடம். முதலில் கேட்டவள். மூன்று நாள் இதே திருட்டு வேலை, மொத்தம் எட்டுச் சீட்டு. எப்படியாவது அந்தக் கவிதைக்குள் நான் போய்விட வேண்டும்.

சனிக்கிழமை காலை கவுண்டர் பக்கத்தில் நின்று வாசித்தாள்.

ஜன்னல் ஓர இருக்கை,
இருமல் மருந்து மூன்று வேளை,
தவறிய அழைப்பு இரண்டு.
கதவு பூட்டவில்லை, வா.

நேற்றே கேட்டுவிட்டேன், இன்றைக்கு இன்னும் நன்றாக இருக்கிறது என்றாள் கவுண்டர் பெண். நேற்றே! என் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. இருமல் மட்டும் இருந்தது. அது யாருடைய இருமல் என்று எனக்கா தெரியாது?

மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்குத் திரும்பினேன். சிஐடி பின்னாலேயே வந்து எட்டுச் சீட்டையும் என் முன்னால் வைத்தாள். பையில் கிடக்கும் காகிதம் கசங்கிச் சுருண்டு வேர்வையில் ஊறித்தான் வருமாம். இவை நாலாக மடித்து, விளிம்பு மொடமொடவென்று இருந்தனவாம். அப்படி மடிக்கிற கை இந்தக் கட்டடத்தில் ஒன்றுதான் உண்டாம். என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் கோபம் விடவில்லை. அந்த இருமல்காரிதான் உனக்குப் பெரிதாகிவிட்டாளா என்று கேட்டே விட்டேன்.

"இருமல் எனக்கு," என்றாள். "ஒரு மாசமா இருமிக்கிட்டு இருக்கேன். என்கிட்டேருந்துதான் அவளுக்கு ஒட்டிக்கிச்சு."

நீராவிச் சத்தத்தில் உன் இருமல் எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வந்தேன். அவள் சீட்டுகளை என் பக்கம் நகர்த்தினாள்.

"எட்டும் உன்னைப் பத்திதான் இருக்கு. என்னைப் பத்தி ஒரு வார்த்தை கிடைக்கலையா உனக்கு?"

கேட்டுவிட்டுத் துணி மேசைக்குப் போய்விட்டாள். நான் அவளுக்கு ஒரு பதில் தேடினேன். கணவர் பஸ் ஓட்டுகிறார், மூன்றாம் மாடியில் வீடு. அது எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்தது என்ன? கவிதையை முதலில் எனக்குத்தான் வாசிப்பாள் என்பது. அதிலும் நான்தான் இருந்தேன்.