உள்ளே போக ஒரு கதவு

எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு என் அக்காவின் சொந்தப் பெயர் தெரியாது. புள்ளியம்மா என்றால்தான் தெரியும். கம்ப்யூட்டரில் புள்ளிகளை நடக்கவிட்டு நாள் முழுக்க உற்றுப் பார்க்கிறாள். அதற்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் சம்பளமும் தருகிறது. ஒரு புள்ளி என்றால் ஓர் ஆள். கட்டடம் எழும்பும் முன்பே அதற்குள் ஆட்களை ஓடவிட்டு, எங்கே நெரிசலாகும் என்று சொல்ல வேண்டும்.

நிலையம் விலைக்கு வாங்கிய மென்பொருளில் அபாய மணி அடித்தால் ஒவ்வொரு புள்ளியும் தன்பாட்டுக்குக் கதவை நோக்கி ஓடும். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதுங்களுக்கெல்லாம் அம்மா அப்பா கிடையாதா?" என்பாள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் உட்கார்ந்து மனிதர்களைக் கவனித்தாள். நம்மவர்கள் தனியாக எங்கே வருகிறார்கள்? ஒரு நோயாளிக்குத் துணையாக ஒரு வீடே வரும், வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். அதனால் புள்ளிகளைக் குடும்பம் குடும்பமாக்கினாள். தன் வீட்டுப் புள்ளி வெளியே தென்படாவிட்டால், வந்த புள்ளி திரும்ப உள்ளே போகும்.

அப்போதுதான் புது ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்துக்கான வரைபடம் வந்தது. பெரிதாக ஒரே கதவு. அக்காவின் புள்ளிகள் அதில் அடைத்துக்கொண்டு நின்றன. வெளியே வர ஒன்று, உள்ளே போக ஒன்று என்று இரண்டு கதவு கேட்டாள்.

தலைமைப் பொறியாளர் சிரித்தார். "தீப்பிடிச்சா எவனாவது உள்ள போவானாம்மா?"

திரையில் ஒரு புள்ளி உள்ளே போக, அதன் ஜோடி வெளியே வந்து, அதைத் தேடி மறுபடி உள்ளே போனது.

"பாருங்க, சுத்தக் கோளாறு. சரி பண்ணிட்டு வாங்க."

"கோளாறு இல்ல சார். புருஷன் பொண்டாட்டி."

அறையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டால் சுவர் எழும்பிவிடும். நாளைக்கு நிஜமாகவே தீப்பிடித்தால் அந்த ஒற்றைக் கதவில் மனிதர்கள் நசுங்குவார்கள். "ஒரு ஒத்திகை வெச்சுப் பாத்துடலாம் சார். எல்லாரும் வீட்டாளுங்களோட வரணும்" என்றாள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, தோற்றுவிடுவோமோ என்ற பயம் அவள் முகத்தில் துளியும் இல்லை. பயமெல்லாம் எனக்குத்தான்.

பழைய ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒத்திகை. அங்கேயும் ஒரே கதவு. மணி அடித்தது. பொய்த் தீ என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் வெளியே வந்தவர்கள் வாசலிலேயே நின்று திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் சட்டையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

பொறியாளர் கதவருகே கைகட்டி நின்றிருந்தார். அவர் மனைவி இன்னும் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தார். பிறகு கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அதே கதவின் மறு ஓரமாக அந்த அம்மாள் வெளியே வந்தார்.

"அவர் எங்கம்மா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாளும் உள்ளே போய்விட்டார். பொறியாளர் வெளியே வந்தார், பார்த்தார், மறுபடியும் உள்ளே போனார். கதவில் கூட்டம் அடைத்துக்கொண்டது.

கடைசியில் சட்டைப் பித்தான் தெறிக்க, மனைவியின் கையைப் பிடித்தபடி வந்து அக்காவின் எதிரில் நின்றார். மூச்சு வாங்கியது.

"ரெண்டு கதவே போட்டுடலாம்மா" என்றார். பிடித்த கையை இன்னும் விடவில்லை. "அப்புறம், அந்தக் கோளாறை மட்டும் சரி பண்ணிடாதீங்க."