தொட்டிக்குப் பின்னால் நின்றவர்

அத்தான் பொய் சொல்கிறார். எங்கள் மொட்டை மாடி வாள்சண்டையில் நான் பயந்து ஓடினேன் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதியிருக்கிறார். ஜெயித்தவர்தான் தெருப் பொங்கல் விழா மேடையில் ஸ்பானிஷ் வாள்வீச்சைச் செய்துகாட்ட வேண்டும் என்பது பேச்சு. இப்போது அவர் மேடையேறத் தயாராகிறார். ஓடியது அவர்.

இருவரும் யூடியூப் பார்த்துத்தான் பழகினோம். கையில் பிவிசி பைப். தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டம். நாங்கள் பார்த்த வீச்சில் குதிப்பதும் பாய்வதும் கிடையாது. கடைக்குப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்று, வாள் பிடித்த கையை நேராக நீட்ட வேண்டும். எதிராளியின் மேல் நேரே போகாமல், வட்டத்தின் விளிம்பிலேயே பக்கவாட்டில் கால் வைத்து, அவருக்கு வாகில்லாத பக்கமாகப் போய்விட வேண்டும். பகலெல்லாம் அச்சகத்தில் மிஷினைச் சுற்றிச் சுற்றி நடக்கிற எனக்கு அது சுலபமாக வந்தது.

அத்தானுக்கு வரவில்லை. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெளியூர் வியாபாரிகளுக்குச் சாம்பிள் வெடித்துக் காட்டுவது அவர் வேலை. கையை நீட்டச் சொன்னால் போதும். இடுப்பு வளையும், முகம் திரும்பிக்கொள்ளும், பின்னங்கால் ஓடத் தயாராகிவிடும்.

"அத்தான், அது வாளு. ஊதுபத்தி இல்ல. நிமிந்து நில்லுங்க."

"நிமிந்துதான நிக்கேன். உனக்குக் கண்ணு தெரியல."

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "திரியக் கிள்ளிட்டீகளா?"

அவர் முறைத்தார். சண்டை ஆரம்பித்தது. நான் விளிம்பில் ஓரடி பக்கவாட்டில் வைத்து, பைப்பால் அவர் பைப்பைத் தொட்டேன். டொக் என்று ஒரு சத்தம். மனிதர் திரும்பி எடுத்தார் ஓட்டம். வட்டத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இன்னும் வெடிக்கல, அங்கனயே இருங்க!" என்றாள் அக்கா. கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

திரும்பி வந்தவர் சொன்னார்: "பின்வாங்குறதும் ஒரு காலடிதான். ஸ்பெயின்ல இருக்கு."

"ஸ்பெயின்லயும் தொட்டிக்குப் பின்னாலதானா, அத்தான்?"

அவர் சாப்பிட்டுவிட்டுப் போய்க் குழுவில் பொய் எழுதினார். சித்தப்பா கைதட்டுகிற படம் போட்டிருக்கிறார். அத்தை எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். அந்த ஆறுதலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அத்தான், நீங்க மேடையேறும் முன்னால, அதே குழுவில், நம்ம சொந்தம் அத்தனையும் பார்க்கப் பதில் எழுதுங்க: காதைப் பொத்திக்கொண்டு நின்றது யார்?