குட்டை ஆணி, நீள ஆணி

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்த மறுநாள், மருத்துவர் அவர் கட்டிலருகிலேயே நின்று கன்னடத்தில் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். இடுப்பை ஒட்டித் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. உள்ளே ஆணி வைத்துத்தான் சேர்க்க வேண்டும். அம்மா போன பிறகு கோபியிலிருந்து மைசூருக்கு என்னோடு இருக்க வந்தவர் அப்பா. கன்னடம் தெரியாது. “ஆபரேஷன் பண்ணோணுமாம்ப்பா” என்று மட்டும் சொல்லி வைத்தேன். எனக்கே புரிந்தால்தானே விளக்க?

ஆணியில் இரண்டு வகையாம். குட்டை ஆணி என்றால் வேலை சீக்கிரம் முடியும், ரத்தம் குறைவாகப் போகும். ஆனால் மறுபடி விழுந்தால் ஆணியின் நுனிக்குக் கீழே எலும்பு உடையலாம். நீள ஆணி தொடை முழுவதையும் காக்கும். நேரம் பிடிக்கும், அப்பாவின் இதயம் தாங்குமா தெரியாது. “இரண்டிலும் எலும்பு சேரும். யோசித்துச் சொல்லுங்கள்” என்றார் மருத்துவர். இங்கே மைசூர் ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களைச் சோதித்துத் தள்ளுகிறவள் நான். என்னத்தை யோசிப்பது? அப்பாவின் கட்டிலருகில் நின்றே திருப்பூரில் இருக்கும் அண்ணனுக்கு போன் போட்டு, “குட்டை ஆணியாண்ணா, நீள ஆணியா?” என்று அழுதேன். “நீயே பாத்துக்க” என்று வைத்துவிட்டார். அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இதயப் பரிசோதனைக்காக ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப்போனது. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும் என்று பயமுறுத்தினார்கள். அதற்குள் அப்பா வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தார். ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்துநாலு. நடுவில் என்னை உற்றுப் பார்த்து, “நீ என்ற சின்னவதான?” என்பார். வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறுவது உண்டு என்றார் நர்ஸ். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “சும்மா இருங்கப்பா!” என்று கத்திவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்தார். “ஆணி அடிச்சதுக்கப்பறம் உன்னைய அடையாளந் தெரியுமா கண்ணு? மூளை முறிஞ்சு போச்சுன்னு டாக்டரு சொன்னத நானுங் கேட்டன்.”

கன்னடத்தில் மூளே என்றால் எலும்பு. இருபது வருடமாக நான் இங்கே பேசுகிற சொல். அது அவர் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மனுஷன் இரண்டு நாளாக வாய்ப்பாடு சொல்லித் தன் மூளையைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“மூளை இல்லீங்கப்பா, எலும்பு! தொடையெலும்பு!”

அவர் முகம் தெளிந்தது. “எலும்புதானா? அதுக்கா ரெண்டு நாளா அழுவுற?”

எலும்பு முறிந்தும் ஆள் போய்விடுவதுண்டு என்று நான் சொல்லவில்லை. குட்டை ஆணிக்கே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.