கடலடியில் கிடந்த வள்ளத்துக்கு ஒரு பில்

எங்கள் மோட்டர் வள்ளம் மார்கழிப் புயலில் உள்துறைமுகத்தில் கட்டிய இடத்திலேயே தாண்டு கடலடிக்குப் போனது. நங்கூரமிட்ட கப்பல்களுக்கு மரக்கறியும் இறைச்சியும் ஏற்றிப் போய், திரும்பி வரும்போது மாலுமிகளைக் கரைக்குக் கூட்டி வருவதுதான் என் கணவரின் தொழில். வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் பட்ட கடன் அரைவாசிகூட அடையவில்லை. கடன் தந்தவர் பட்டினத்தில் இரும்புக்கடை வைத்திருந்த கிண்ணியா ஊர் முதலாளி. அவர் வழக்குப் போட்டார். இரண்டு பக்கமும் சம்மதித்து, மாதாமாதம் கோட்டில் தவணை கட்டுவதென்று தீர்வாயிற்று. ஒரு மாதம் தவறினாலும் முழுக்கடனையும் ஒரேயடியாகக் கேட்கலாம், கோட்டுப் பிஸ்கால் உத்தியோகத்தர் வந்து வீட்டுச் சாமான்களைப் பறித்துக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டில் பறிக்கும்படியாக இருந்தது என் தையல் மெசின் ஒன்றுதான். அதை மிதித்துத்தான் அடுப்பெரிந்தது.

கணவர் துறைமுக ஜெட்டிப் பாலத்தில் மூட்டை தூக்கப் போனார். சொந்த வள்ளத்தில் நின்று மற்றவர்களுக்குக் கட்டளை சொன்ன இடத்தில் இப்போது மற்றவர்களின் கட்டளைக்குக் குனிந்தார். எப்படியோ சில மாதங்கள் தவணை தவறாமல் ஓடியது.

அப்படி இருக்கும்போதுதான் துறைமுகக் கந்தோரிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. கொன்வென்டில் படித்த அரைகுறை ஆங்கிலத்தை வைத்து மூன்று தரம் வாசித்தேன். கப்பல் பாதைக்கு இடைஞ்சலாகக் கிடந்த எங்கள் வள்ளத்தை அவர்கள் தூக்கிக் கரையில் போட்டிருக்கிறார்களாம். தூக்கிய செலவை மாத முடிவுக்குள் நாங்கள் கட்ட வேண்டுமாம். பத்துத் தவணையைச் சேர்த்தாலும் அந்தத் தொகை வராது.

பின்னேரம் கணவர் வந்ததும் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பயமாக இருந்தது.

"செத்த பிணத்துக்கும் வாடகை கேக்கிறாங்கள்," என்றார்.

சோற்றைத் தொடவில்லை. கை கழுவிக்கொண்டு எழுந்து, "இந்த மாசத் தவணையை விட்டிட்டு இதைக் கொஞ்சம் கட்டுவம். இது கவுண்மேந்து. பிடிச்சு மறியல் வீட்டுக்கு அனுப்பிப் போடுவாங்கள்," என்றார்.

"தவணையை விட்டால் மெசின் போயிடும். மெசின் போனால் என்னத்தைச் சாப்பிடுறது?"

"அப்ப எனக்கு ஒண்டும் ஏலாது."

சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நெடுநேரமாகியும் வரவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஜெட்டிப் பக்கம் தேடிப் போனேன். பாலத்து விளிம்பில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கிட்டப் போனதும், திரும்பிப் பாராமலே, "பயப்படாதையும். எனக்கு நீந்தத் தெரியும், தாழ மாட்டன்," என்றார். அன்றைக்கு நான் விட்ட கண்ணீரை அவருக்குக் காட்டவில்லை. சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தேன். இனி அவரைத் தனியே விடக்கூடாது என்பது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு.

நகைகள் எல்லாம் ஏற்கெனவே அடைவுகடையில் இருந்தன. தெருவில் வட்டிக்குக் கொடுக்கும் ஒரு அக்கா இருந்தா. அவவிடம் போய்க் கேட்டேன். மெசினைக் கொண்டுவந்து வைத்தால் தருவதாகச் சொன்னா. எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் துறைமுகக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கதிரையில் இருக்கச் சொன்னார். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் எதுவும் இளகவில்லை.

"தவணை முறை இஞ்ச இல்லை அம்மா. கட்டாவிட்டால் வள்ளத்தை ஏலத்தில விப்பம். வித்த காசு செலவுக்குக் காணாட்டி மிச்சத்துக்கு வழக்கு."

"எஞ்சின் கிடக்கோ ஐயா?"

"கிடக்கு. உப்புத்தண்ணி குடிச்ச எஞ்சினை ஆர் வாங்குவினம்? பழைய இரும்பு விலைக்குப் போகும்."

வீட்டுக்குப் போகாமல் தெருவோரத்தில் ஒரு வேம்பின் கீழ் நின்றேன். அந்த எஞ்சின் கடனுக்கு ஈடு. முதலாளியின் சம்மதம் இல்லாமல் அதில் ஒரு ஆணியையும் நாங்கள் விற்கக்கூடாது என்று கோட்டில் கையெழுத்து வைத்திருந்தோம். ஏலத்தில் போனால் நட்டம் எங்களுக்கு மட்டுமல்ல. அன்றிரவு, இதை முதலாளிக்குச் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னபோது கணவர் கும்பிடாத குறையாகத் தடுத்தார்.

"அவருக்குத் தெரிஞ்சா நாளைக்கே பிஸ்காலோட வந்து நிப்பார். இவையள் இனிக் கட்ட மாட்டினம் எண்டு நினைப்பார்."

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனாலும் மறுநாள் நான் இரும்புக்கடைக்குப் போனேன். கயிற்றுச் சுருள்களுக்கும் தார் டின்களுக்கும் இடையில் முதலாளி இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது.

"என்ன தங்கச்சி, தவணைக்கு இன்னும் நாள் இருக்கே."

கடுதாசியை நீட்டினேன். அவர் வாசித்து முடிக்கும்வரை நின்றேன். அவருடைய காது சிவந்தது.

"எனக்கும் புள்ளயள் இருக்கு. ஒங்கட புருஷனுக்குக் காசைக் குடுத்துப் போட்டு நான் கோட்டுக்கு அலையிறன். இப்ப இது வேற. அந்த எஞ்சின் என்ட."

"ஓம் முதலாளி, உங்கடதான். ஆனால் அது அவங்கட முற்றத்தில கிடக்கு. ஏலத்தில போனால் உங்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. பிறகு அவங்களும் எங்கள்மேல வழக்குப் போடுவாங்கள். ரெண்டு பக்கமும் கட்ட எங்களால ஏலாது. இருக்கிறது ஒரு தையல் மெசின். அதை எடுத்தாலும் உங்கட கடன் அடையாது."

 மிரட்டுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். அவர் கடுதாசியை மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு, "மறைக்காம வந்து சொன்னது நல்லம். யோசிப்பம், போங்க," என்றார். நல்ல பதிலா கெட்ட பதிலா என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அன்றும் மறுநாளும் வாசல் கேற் சத்தம் கேட்ட போதெல்லாம் பிஸ்கால்தான் வந்துவிட்டார் என்று மெசினை நிறுத்தி எட்டிப் பார்த்தேன்.

வந்தது கடை ஆள். முதலாளி மெக்கானிக்கோடு போய் எஞ்சினைப் பார்த்தாராம். உள்ளே பழுது குறைவாம். துறைமுகப் பில்லை அவரே கட்டி எஞ்சினை எடுப்பாராம். கட்டிய காசில் அதன் மதிப்பைக் கழித்துவிட்டு, மிச்சத்தை எங்கள் கடனோடு சேர்க்கக் கோட்டில் கேட்பாராம். மாதத் தவணை ஏறாது, கட்டும் வருடங்கள்தான் கூடும். எஞ்சினைக் கழற்ற ஆள் வேண்டும், கூலி தரலாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

கணவர் போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். கொடியில் கிடந்த சாறத்தை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் சோறு கொண்டு போனேன். வள்ளம் ஒரு பக்கம் சரிந்து, பாசியும் சிப்பியும் பிடித்துக் கிடந்தது. அவர் அதற்குள் இறங்கி, தான் ஆசையோடு பூட்டிய எஞ்சினைத் தானே ஒவ்வொரு நட்டாகக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கை வண்டிலில் ஏற்றியபோது மற்றவர்களோடு சேர்ந்து தோள் கொடுத்தார். கூலியை வாங்கி எண்ணாமல் என் கையில் வைத்தார். அந்த மாதத் தவணையை அதோடு தையல் காசையும் சேர்த்துத்தான் கட்டினோம்.

கோட்டில் புது ஒப்பந்தத்துக்குச் சம்மதமா என்று நீதிபதி கேட்டபோது கணவர், "ஓம்," என்று மட்டும் சொன்னார். எங்கள் மூத்த மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்ட பிறகும் நாங்கள் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டி முடித்தோம். ஆனால் அவர் பிறகு ஒருநாளும் வள்ளம் வாங்குவதைப் பற்றிக் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.