நாலு பேர் அளக்கும் மரம்

மற்ற வீடுகளில் லீவு விட்டால் ஒகேனக்கலுக்குப் போவார்கள், மீன் வறுவல் தின்பார்கள். எங்கள் அப்பாவுக்கோ கிழட்டு மரங்கள் மேல் பைத்தியம். எந்த ஊரில் பெரிய மரம் இருக்கிறது, அதனடியில் என்ன நடுகல் இருக்கிறது என்று விசாரித்து எங்களையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பாப்பாரப்பட்டி தாண்டி ஒரு புளியமரம். அடியில் வில்லேந்திய வீரன் செதுக்கிய கல். மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவனாம். ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்கள். அந்த மரத்துக்கு மட்டும் வருஷம் தவறாமல் மாசியில் போவோம்.

போனதும் மரத்தை அளக்க வேண்டும். டேப் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. அப்பாவுக்கு டேப் ஆகாது. அப்பா, அண்ணன், நான், அம்மா என்று நான்கு பேரும் மரத்தைக் கட்டிக்கொண்டு கைகோர்க்க வேண்டும். நான் இரண்டாவது படித்த வருஷம் என் விரலுக்கும் அம்மா விரலுக்கும் நடுவில் ஒரு சாண் மிச்சம் இருந்தது. "அடுத்த வருசம் நீ வளந்துருவ, எட்டிரும்" என்றாள் அம்மா. அந்த ஒரு சாணுக்காக நான் வருஷம் முழுக்க ஸ்கூல் கம்பியில் தொங்கினேன்.

அடுத்த மாசியில் சித்தியும் கூட வந்தாள். அம்மாவின் தங்கை, கல்யாணம் ஆகாதவள். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தோளில் கட்டி என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். கட்டியை எடுத்தாகிவிட்டது, அவ்வளவுதானே என்று நானும் மறந்துவிட்டேன்.

அப்பாவும் அண்ணனும் மரத்துக்கு அந்தப் பக்கம் கைகோர்த்து நின்றார்கள். அம்மா கல்லருகே உட்கார்ந்துகொண்டு, "எனக்குப் பதிலா சித்தி கையப் புடி பாப்பா" என்றாள்.

"இது நம்ம வூட்டு நாலு பேரு அளக்கற மரம். சித்தி எதுக்கு?" என்றேன்.

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா எழுந்து வந்து வலது கையை அப்பாவிடம் கொடுத்தாள். இடது கையை என் பக்கம் நீட்டினாள். அது இடுப்புக்கு மேல் எழவில்லை. போன வருஷம் ஒரு சாண் இருந்த இடத்தில் இப்போது ஒரு முழம். மரம்தான் பருத்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு, அவள் வேண்டுமென்றே நீட்டாமல் நிற்கிறாள் என்று கோபம் வந்தது. அண்ணன் கையை விட்டுவிட்டு ஓடி அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன்.

"மெல்ல சாமி" என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே மரத்தில் சாய்ந்து நின்றாள். கண்ணில் தண்ணீர். தூசி விழுந்துவிட்டது என்றாள்.

பிறகு அவள் இடத்தில் சித்தி நின்றாள். எட்டியது. அவள் விரல் என் விரல் மேல் நன்றாகவே ஏறி உட்கார்ந்தது. ஒரு வருஷம் காத்திருந்தது வேறொருத்தி கையால் நடந்ததில் எனக்கு அழுகையாக வந்தது.

"எட்டுச்சா பாப்பா?" கல்லருகிலிருந்து அம்மா கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

"எட்டல" என்றேன்.

சித்தி என்னைப் பார்த்தாள்.

அம்மா முகம் வாடிப்போனது. நன்றாக வேண்டும் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட எனக்கு. கார் பாப்பாரப்பட்டி வரும்வரை அவள் மரத்தின் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த மாசிக்குள் அம்மா போய்விட்டாள். மார்பில் புற்று என்பதும், அறுத்தெடுத்ததால்தான் கை எழவில்லை என்பதும் நான் பிறகு தெரிந்துகொண்டவை. சித்தி எங்களோடேயே தங்கிவிட்டாள். எனக்குத் தலை வாரிவிட்டதும், நான் பெரியவளானபோது பக்கத்தில் இருந்ததும் அவள்தான். என் பொய்யை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா அன்று வந்தது மரத்தை அளக்க அல்ல, தன் இடத்தில் சித்தியை நிறுத்திப் பார்க்க என்பது புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. எட்டியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நிம்மதியாகக் கார் ஏறியிருப்பாள்.