செருப்பா, கரண்டா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் எல்லோரும் சொல்வதுதான், நானும் மறுப்பதில்லை. கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் வாடகைக்கு இருந்த வீட்டில் அந்தக் கோபத்தை நான் அதிகம் காட்டியது ஒரு சுவிட்சின் மேல்.

மாடி வீட்டுக் குளியலறையில் எங்கோ ஒழுகல். மழைக்காலம் தொடங்கும்போதே எங்கள் அடுக்களைச் சுவர் ஊறிப்போயிருந்தது. அந்தச் சுவரில்தான் சுவிட்ச் போர்டு, அதற்குக் கீழே பாத்திரத் தொட்டியும் இரும்புப் பைப்பும். எனக்கு வேலை எதிர்ப்பக்கம், அடுப்போடு. காலையில் பாத்திரம் துலக்க வருகிறவளும், சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறி டிபன் டப்பா கழுவும் என் ஏழு வயது மகளும்தான் அந்தப் பைப்பில் கை வைப்பவர்கள்.

ஈரம் போர்டுக்குள் இறங்கியதும் டிரிப் சுவிட்ச் விழ ஆரம்பித்தது. கரண்ட் எங்காவது கசிந்தால் வீட்டையே அணைத்துவிடும் சுவிட்ச். அதன் வேலையே அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவளுக்கு ஒரே மீட்டிங்கில் மூன்று முறை இன்டர்நெட் போனால் தெரிந்ததெல்லாம் மறந்துவிடும். வீட்டு ஓனரிடம் ஒழுகலைச் சொன்னால், "மழை ஒண்ணு கழியட்டே" என்பார், மழை முடியட்டுமாம். பொறுத்தது போதும் என்று ஓர் ஆளைக் கூப்பிட்டு, அந்தச் சுவிட்சை ஒதுக்கிவிட்டு டைரக்டாக ஒயர் கொடுக்கச் சொன்னேன். பத்து நிமிஷ வேலை. பிறகு கரண்ட் போகவே இல்லை. பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு.

பாத்திரம் துலக்குகிறவள் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். கட்டட வேலைக்கு இங்கே வந்த குடும்பம். அவளும் பல வருஷம் சித்தாளாக இருந்தவள். ஒரு நாள் சொன்னாள்: "யக்கா, பைப்பு கடிக்கி."

"கடிக்க அதுக்கென்ன பல்லா இருக்கு? வேலையப் பாரு."

அதற்குப் பிறகு அவள் போக்கே மாறியது. வேலை முடிந்து போகும்போது ஒரு குடம் தண்ணீர் நிரப்பி, டம்ளரோடு அடுக்களை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். காலில் இடித்துக்கொண்டு அதற்கும் திட்டினேன். மூன்றாம் நாள் அவள் ரப்பர் செருப்போடு தொட்டி முன்னால் நிற்பதைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் சாமி அலமாரி அடுக்களையில்தான், வாசலைத் தாண்டிச் செருப்பு வந்ததே கிடையாது. வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

அவள் போய்ச் செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள். திரும்பி வந்து நேராக ஹாலுக்குப் போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். ஃபேன் நின்றது. என் மீட்டிங்கும் போயிற்று.

"செருப்பு போடக் கூடாதுன்னா கரண்டு இருக்கக் கூடாதுக்கா. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

குரலை உயர்த்தவில்லை. தப்பு நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தும் மேனேஜரிடம் ஒருவரும் வாய் திறக்காத மீட்டிங்குகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இவள், வேலை போனாலும் போகட்டும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். அந்தக் கோபத்திலும் அவளை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் வீம்பு விடுமா? "மெயினைப் போடு, நானே தொட்டுப் பாக்கறேன்" என்றேன்.

சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டாள். "ஆள வச்சுப் பாருங்க. சைட்டுல ஒரு புள்ள இப்படித்தான் தொட்டுப் பாத்தா."

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை. நான் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் வந்தார். தன் மற்ற இரண்டு வீட்டு வேலையையும் விட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். மெயினைப் போட்டு டெஸ்டரைப் பைப்பில் வைத்ததும் அது எரிந்தது. மறுபடி அணைத்துப் போர்டைத் திறந்தால் உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது.

"இது டைரக்ட் கொடுத்தது ஆரு, சேச்சி?"

நான்தான் கொடுக்கச் சொன்னேன் என்றேன். அவர் அந்தச் சுவருக்குப் போகும் லைனையே துண்டித்து, டிரிப் சுவிட்சைப் பழையபடி மாட்டினார். டெஸ்டர் எரியவில்லை என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் தொட்டியில் கை வைத்தாள். வீட்டு ஓனரைக் கையோடு வரவழைத்துப் போர்டைக் காட்டினேன். அந்த வாரமே மாடிக் குளியலறையை உடைத்தார்கள்.

அன்று சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், சுவர் காயும்வரை பைப்பைத் தொடக் கூடாது என்றேன்.

"தெரியும்மா" என்றாள், ஷூவைக் கழற்றிக்கொண்டே. "பாத்திரம் துலக்குற அத்தை என்கிட்ட சாமி மேல சத்தியம் வாங்கிட்டாங்க. டப்பா கழுவத்தான் அந்தக் குடம்."

"எப்போ?"

"முன்னாடியே. அம்மாகிட்ட சொல்லலியான்னு கேட்டேன். 'சொன்னேன், உங்கம்மாவுக்கு மீட்டிங்கு'ன்னாங்க."